பட்டம் மேலே ஏற மறுத்தால் நூலைப் பாருங்கள்

பட்ட நூல் பற்றிய கேள்விகளாகவே குவிந்துவிட்டதால் இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சூத்திரம் (பட்டத்தை நூலோடு பிணைக்கும் கட்டு) கட்டுவது, வால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: இரண்டு மீட்டர் அகலமுள்ள டெல்டா பட்டம் (முக்கோண வடிவப் பட்டம்) வைத்திருக்கிறேன். 150 மீட்டர் வரை அழகாக ஏறுகிறது. அதற்கு மேல் எவ்வளவு நூல் விட்டாலும் தள்ளித் தள்ளிப் போகிறதே தவிர உயரவே மாட்டேன் என்கிறது. நூலுக்கு வலு போதவில்லையோ என்று இன்னும் தடிமனான நைலான் நூல் வாங்கிப் போட்டேன். முன்பைவிட மோசம். கோளாறு பட்டத்திலா, நூலிலா?

பதில்: நூலில்தான். தடிமனைக் கூட்டியது தலைகீழ் வைத்தியம்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நூல் 600 மீட்டர் வெளியே போயிருக்கிறது என்றால், தடிமனை நீளத்தால் பெருக்க 0.9 சதுர மீட்டர் வருகிறது. உங்கள் பட்டத்தின் பரப்பே சுமார் ஒரு சதுர மீட்டர்தான் இருக்கும். அதாவது கிட்டத்தட்ட பட்டத்தின் அளவுக்கே இன்னொரு பரப்பைக் காற்றில் நீட்டி வைத்திருக்கிறீர்கள், ஆனால் அது துளிகூட மேலே தூக்காது, காற்று போகும் பக்கம் இழுப்பது மட்டும்தான் அதன் வேலை. நூல் சாய்வாகப் போவதால் முழுப் பரப்பும் காற்றை நேருக்கு நேர் வாங்காது என்பது உண்மை. இருந்தாலும் உயரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்தத் தடைதான். நூலின் எடை அதற்குப் பிறகுதான் வருகிறது.

அடுத்த தடவை நூல் விடும்போது பட்டத்தைப் பார்க்காமல் உங்கள் கையிலிருந்து நூல் எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் நன்றாக நிமிர்ந்து கிளம்பும். விட விட நடுவில் தொய்ந்து, கையருகே சரிந்துகொண்டே வந்து, கடைசியில் தரையோடு படுத்த மாதிரி ஆகிவிடும். அந்த நிலை வந்துவிட்டால் அந்தப் பட்டமும் அந்த நூலும் சேர்ந்து அன்றைய காற்றில் எட்டக்கூடிய உச்சம் அதுதான். அதற்கு மேல் விடுகிற நூலெல்லாம் புதரிலோ மரத்திலோ போய்ச் சிக்கத்தான் உதவும்.

ஆக, கடையில் "இருப்பதிலேயே வலுவான நூல் எது?" என்று கேட்காதீர்கள். "எனக்கு வேண்டிய வலுவில் இருப்பதிலேயே மெல்லிய நூல் எது?" என்று கேளுங்கள். உயரத்துக்குப் போகிறவர்களுக்கு நூல் விஷயத்தில் இதைவிட முக்கியமானது வேறு இல்லை என்பது என் கட்சி.

கேள்வி: சரி, வேண்டிய வலு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பட்டப் பிரியர்களிடம் வெகுகாலமாகப் புழங்கும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: தட்டையான பட்டம், டெல்டா வகைகளுக்கு சதுர அடிக்கு 3 பவுண்டு. நம் அளவில் சொன்னால் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. இரண்டு சதுர மீட்டர் பட்டத்துக்கு 30 கிலோவில் அறுகிற நூல். காற்றை உள்ளே வாங்கி உப்பிப் பறக்கும் பாராஃபாயில் மாதிரிப் பட்டங்கள் முரட்டுத்தனமாக இழுப்பவை, அவற்றுக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும்.

ஆனால் இது சாதாரணக் காற்றில், சாதாரண உயரத்துக்கான கணக்கு. உயரம் போகப்போக காற்றின் வேகம் கூடும். தரையருகே இருப்பதைவிட 300 மீட்டரில் ஒன்றரை மடங்கு வேகம் இருப்பது சர்வசாதாரணம். இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஒன்றரை மடங்கு வேகம் என்பது இரண்டேகால் மடங்கு இழுவை. கீழே நின்றுகொண்டு "இன்று மென்காற்றுதான்" என்று நினைத்தபடி நூலை விட்டுக்கொண்டே போகிறவர்கள் கையில் நூல் திடீரென்று விண்ணென்று விறைத்து நிற்பது இதனால்தான்.

ஆகவே கைக்கணக்கில் வருவதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு சதுர மீட்டருக்கு 60 கிலோ. அதற்கும் மேலே போகாதீர்கள். பயந்துபோய் 150 கிலோ நூல் வாங்கினால் திரும்பவும் முதல் கேள்விக்காரர் நிலைமைதான்.

கேள்வி: நைலான், பாலியஸ்டர், கெவ்லார், டைனீமா என்று நான்கு விதமாகச் சொல்கிறார்கள். கடைக்காரர் எல்லாமே நல்லது என்கிறார். உண்மையில் எது?

பதில்: கடைக்காரர் விற்பவர், அப்படித்தான் சொல்வார்.

நைலானை முதலில் கழித்துவிடுங்கள். ரப்பர் மாதிரி நீளும். 500 மீட்டர் விட்டிருக்கும்போது பத்து சதவீதம் நீண்டாலே 50 மீட்டர். நீங்கள் இங்கே ஒரு சுண்டு சுண்டினால் பட்டத்துக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் அந்த இழுப்பை நூலே விழுங்கியிருக்கும். ஈரம் பட்டால் வலுவும் கொஞ்சம் குறையும்.

பாலியஸ்டர், டேக்ரான் என்ற பெயரிலும் வரும். கை பழக இதுதான் சரியான நூல். நீட்சி நைலானைவிடக் குறைவு, முடிச்சு ஒழுங்காக நிற்கும், வெயிலைத் தாங்கும், கையையும் அவ்வளவாக அறுக்காது. 100, 150 மீட்டர் உயரம் போதும் என்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். குறை ஒன்றுதான், ஒரே வலுவுக்கு டைனீமாவைவிடக் கணிசமாகத் தடிமன்.

கெவ்லார் நீளவே நீளாது என்று சொல்லலாம், மெல்லியது, சூட்டில் உருகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் பட்டால் நிறம் மங்கி வலு இறங்கிக்கொண்டே போகும், கூர்மையாக மடித்தால் அந்த இடத்தில் பலவீனப்படும், முடிச்சில் தன்னையே அறுத்துக்கொள்ளும். பக்கத்தில் பறக்கும் வேறொருவர் நூலின் மேல் உரசினால் அவருடையது அறுந்து போகும். கூட்டமாகப் பறக்கும் இடத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் நட்பு நீடிக்காது. 2000ஆம் ஆண்டு கனடாவில் ரிச்சர்ட் சினெர்ஜி என்பவர் ஒற்றைப் பட்டத்தை 4,422 மீட்டர் ஏற்றியது கெவ்லார் நூலில்தான், அதனால் முடியாதது இல்லை. இன்று அதைவிட நல்லது கிடைக்கும்போது எதற்கு?

அந்த நல்லது டைனீமா. ஸ்பெக்ட்ரா என்பதும் இதே சரக்குதான், தயாரிப்பாளர் வேறு. வேதியியலில் இது பாலிஎத்திலீன், கடையில் சாமான் போட்டுத் தரும் பையின் அதே குடும்பம். மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளமாக, எல்லாம் ஒரே திசையில் அடுக்கி இழுக்கப்பட்டிருப்பதால் இந்த வலு. தண்ணீரைவிட லேசு, 0.97 அடர்த்தி, ஏரியிலோ கடலிலோ விழுந்தால் மிதக்கும், ஈரத்தையும் உறிஞ்சாது. நீட்சி மூன்று நான்கு சதவீதத்தில் அறுந்துவிடும் அளவுக்குக் குறைவு. அதனால் நூறு மீட்டருக்கு அப்பால் பட்டம் தலையை ஆட்டினாலும் விரலில் தெரியும். 2014 செப்டம்பர் 23 அன்று ஆஸ்திரேலியாவில் கோபார் ஊருக்கு அருகே ராபர்ட் மூர் ஒற்றைப் பட்டத்தை 4,879.54 மீட்டருக்கு ஏற்றி சாதனை படைத்தபோது பயன்படுத்தியதும் டைனீமாதான்.

இதற்கும் இரண்டு பலவீனம். ஒன்று, வழுக்கும். கண்ட முடிச்செல்லாம் நிற்காது. இரண்டு, சூடு ஆகாது. 145 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே வலு போய்விடும். ஓடுகிற நூல் நிற்கிற நூலின் மேல் ஒரே இடத்தில் உரசினால் அந்தச் சூடு வர நேரமே ஆகாது.

உயரத்துக்கு என்றால் பின்னல் டைனீமா. முறுக்கு நூல் எந்தச் சரக்கில் செய்திருந்தாலும் வேண்டாம், இழுவை ஏறும்போது முறுக்கு அவிழப் பார்க்கும், தொய்ந்தவுடன் சுருண்டு சிக்கலாகும்.

கேள்வி: மீன் பிடிக்கும் தூண்டில் நூலைப் பட்டத்துக்குப் போடலாமா? மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: எது என்பதைப் பொறுத்தது. கண்ணாடி மாதிரி இருக்கும் ஒற்றை இழை நைலான் நரம்பு என்றால் கூடவே கூடாது. நீளும், சுருள் வைத்த இடத்தில் சுருள் அப்படியே நிற்கும், பறவைக்கும் தெரியாது, சைக்கிளில் வருகிற மனிதருக்கும் தெரியாது. பின்னல் தூண்டில் நூல் என்றால் அதுவும் டைனீமா வகைதான், தாராளமாகப் போடலாம். சிலவற்றில் பத்து மீட்டருக்கு ஒருமுறை நிறம் மாறும், எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ள வசதி. சின்னப் பட்டத்துக்கு நான் பரிந்துரைப்பதே இதைத்தான். கையுறை இல்லாமல் மட்டும் தொடாதீர்கள், 0.3 மில்லிமீட்டர் நூல் ஓடும்போது கத்திதான்.

கேள்வி: அந்தக் காலத்தில் எஃகுக் கம்பியில் பட்டம் விட்டு வானிலை ஆராய்ந்தார்களாமே? எஃகு அவ்வளவு கனமாயிற்றே, எப்படி ஏறியது?

பதில்: ஏறியதற்குக் காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது: கம்பி மெல்லியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ப்ளூ ஹில் ஆய்வகத்தில் 1894 ஆகஸ்டில் வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் கருவியைப் பட்டத்தில் கட்டி அனுப்பினார்கள். முதலில் சாதாரணக் கயிறு, பிறகு பியானோக் கம்பிக்கு மாறினார்கள். ஒரு மில்லிமீட்டர் எஃகுக் கம்பி கிலோமீட்டருக்கு ஆறு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும், அதே தடிமன் டைனீமா அரைக் கிலோ அளவில்தான். எடையில் பாதாளத்துக்கும் ஆகாயத்துக்குமான வித்தியாசம். ஆனால் அதே வலுவுக்கு அன்று கிடைத்த பருத்தி, சணல் கயிற்றோடு ஒப்பிட்டால் கம்பி பல மடங்கு ஒல்லி, மேலாக வழவழப்பு வேறு. எடை கூடினாலும் பரவாயில்லை, காற்றுத் தடை குறைந்தால் போதும் என்று அவர்கள் முடிவெடுத்ததில்தான் சூட்சுமம்.

எடையை என்ன செய்தார்கள்? ஒரே கம்பியில் இடைவெளி விட்டு பல பட்டங்களைக் கட்டி, அந்தந்தப் பகுதிக் கம்பியை அந்தந்தப் பட்டமே சுமக்கும்படி செய்தார்கள். ஜெர்மனியின் லிண்டன்பெர்க்கில் 1919 ஆகஸ்ட் 1 அன்று இப்படி எட்டுப் பட்டங்களைத் தொடுத்து 9,740 மீட்டர் தொட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, பட்டத் தொடரில் இன்னமும் அதுதான் பெரிய சாதனை.

இதைப் படித்துவிட்டு யாரும் கம்பி வாங்கக் கிளம்ப வேண்டாம். மின்கம்பி மேல் விழுந்தாலோ மேகத்தில் மின்னேற்றம் இருந்தாலோ நேராக உங்கள் கைக்குத்தான் வரும். ஈரமான எந்த நூலும் ஓரளவு மின்சாரம் கடத்தும் என்பதால் இடி மழை நாளில் டைனீமாவும் ஆகாது.

கேள்வி: 500 மீட்டர் நூல் விட்டிருந்தால் பட்டம் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று நண்பர் சாதிக்கிறார். சரியா?

பதில்: நண்பரின் பட்டம் தலைக்கு நேர் மேலே, நூல் துளியும் தொய்யாமல் நின்றால் சரி. பட்டம் 45 டிகிரியில் தெரிந்து நூல் நேராக இருந்தால் 350 மீட்டர் சொச்சம். தொய்வைக் கழித்தால் இன்னும் இறங்கும். ராபர்ட் மூரின் நூல் 12 கிலோமீட்டருக்கும் மேல் வெளியே போயிருந்தது, கிடைத்த உயரம் ஐந்துக்குச் சற்றுக் கீழே. சாதனைக்காரருக்கே கணக்கு அப்படித்தான்.

அவருடைய பட்டம் 12 சதுர மீட்டர் என்பதையும் கவனியுங்கள். பட்டத்தின் பரப்பை நான்கு மடங்காக்கினால் நூலின் வலுவும் நான்கு மடங்கு வேண்டும், ஆனால் தடிமன் இரண்டே மடங்கு கூட்டினால் அந்த வலு வந்துவிடும், ஏனென்றால் வலு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூக்கும் சக்தி நான்கு மடங்கு, நூலின் தடை இரண்டு மடங்கு. பெரிய பட்டங்கள் உயரம் போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

கேள்வி: 60 கிலோ என்று போட்டிருந்த டைனீமா, அவ்வளவு காற்றே இல்லாத நாளில் அறுந்துவிட்டது. போலி நூலா?

பதில்: அறுந்த முனையை எடுத்துப் பாருங்கள். முடிச்சு இருந்த இடமா? அப்படியென்றால் நூலைக் குறை சொல்ல முடியாது. முடிச்சு போட்டாலே எந்த நூலும் வலு இழக்கும். டைனீமா பாதிக்கு மேல்கூட இழக்கும். உங்கள் 60 கிலோ முடிச்சில் 30 கிலோவாகவோ அதற்கும் கீழாகவோ ஆகியிருக்கும். முனை குச்சம் மாதிரி பிரிந்திருந்தால் இழுவையில் அறுந்தது. முனையில் சின்ன மணி மாதிரி கெட்டியாக உருண்டு நின்றால் சூட்டில் உருகியது, எங்கேயோ எதன் மேலோ உரசியிருக்கிறது.

தீர்வு இப்படி. நுனியில் வளையம் வேண்டும் என்றால் உள்ளே கூடான பின்னல் நூலில் நூலின் நுனியைத் தனக்குள்ளேயே செருகி ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே ஓட்டிவிடுங்கள். இழுக்க இழுக்க வெளிப் பின்னல் உள் நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வலு பெரும்பாலும் அப்படியே நிற்கும். கூடு இல்லாத நூலென்றால், நுனிப் பகுதிக்கு மேல் மெல்லிய பாலியஸ்டர் பின்னல் உறை ஒன்றை மாட்டி, அதோடு சேர்த்து 8 வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த டைனீமாவைச் சர்ரென்று இழுத்து முடிச்சிட்டால் அந்த உரசலிலேயே பாதி வெந்துவிடும். இரண்டு துண்டு நூலை நடுவில் முடிச்சிட்டு நீளமாக்கி உயரத்துக்கு அனுப்புவதை மட்டும் மறந்துவிடுங்கள், ஒரே நீளமாக வாங்குங்கள்.

கேள்வி: மேலே மெல்லிய நூல், கீழே தடித்த நூல் என்று இரண்டாகப் போட்டால் என்ன?

பதில்: பட்டத் தொடர் என்றால் போடலாம், ஒவ்வொரு பட்டத்தின் இழுவையும் கீழே வரவரக் கூடுவதால் கீழே வலு அதிகம் வேண்டும். ஒற்றைப் பட்டத்தில் இழுவை நூல் நெடுக ஏறத்தாழ ஒன்றுதான், சொல்லப்போனால் நூலின் எடையையும் சுமப்பதால் பட்டத்தின் அருகேதான் கொஞ்சம் அதிகம். மெல்லிய பகுதி தாங்குகிற அளவுதான் மொத்த நூலும் தாங்கும், அப்புறம் தடித்ததை எதற்குச் சுமக்க வேண்டும்? கையில் பிடிக்கும் கடைசி முப்பது நாற்பது மீட்டர் மட்டும் தடித்த பாலியஸ்டராக இருந்தால் விரலுக்கு நல்லது, அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: இறக்கிச் சுற்றும்போது பிளாஸ்டிக் உருளை நொறுங்கிப் போனது. இரும்பில் வாங்கட்டுமா?

பதில்: உருளையை மாற்றினால் தீராது, சுற்றும் முறையை மாற்றுங்கள். இழுவையோடு சுற்றிய ஒவ்வொரு சுற்றும் உருளையை நெரிக்கும், நூற்றுக்கணக்கான சுற்றுகளின் நெரிசல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். நீளும் நூலில் இது இன்னும் மோசம், சுற்றிய பிறகும் சுருங்கப் பார்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். டைனீமாவோ அடியில் உள்ள சுற்றுகளுக்கு நடுவே புதைந்து கொள்ளும், அடுத்த தடவை விடும்போது சட்டென்று மாட்டி நிற்கும்.

நூலின் அடியை அசையாத ஒன்றில் கட்டுங்கள். கையுறையோடு, நூலின் மேல் ஒரு கப்பியை மாட்டிக் கீழே அழுத்திப் பிடித்தபடி பட்டத்தை நோக்கி நடந்து போங்கள். நீங்கள் நடக்க நடக்க பட்டம் இறங்கி வரும். இறங்கியதும் தரையில் கிடக்கும் தளர்ந்த நூலை நிதானமாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். சுற்றும்போது இரண்டு விரலுக்கு நடுவே ஒரு பஞ்சைப் பிடித்து அதன் வழியாக நூலை விடுங்கள், எங்கே பஞ்சு பிடித்து நிற்கிறதோ அங்கே இழை பிய்ந்திருக்கிறது. நூல் பல கிலோமீட்டர் என்றால் நடந்து முடியாது, அதற்கு இழுவையை வாங்கிக்கொள்ளும் தனி உருளையும் தளர்ந்த நூலைச் சுற்றிவைக்கும் இன்னொரு உருளையும் கொண்ட இயந்திரம் வேண்டும்.

கேள்வி: மாஞ்சா நூலில் உயரம் விடலாமா?

பதில்: கூடாது. கண்ணாடித் தூள் பூசிய நூல் அறுந்து தெருவில் விழுந்தால் யார் கழுத்திலும் மாட்டும். உயரத்துக்கும் அதனால் நயா பைசா பயன் இல்லை, பூச்சு நூலைத் தடிமனாக்கத்தான் செய்யும்.

கேள்வி: எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் விடலாமா, சட்டம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் அனுமதி இல்லாமல் 60 மீட்டர்தான், விமான நிலையத்துக்கு அருகே 30. அமெரிக்காவில் 5 பவுண்டுக்கு மேல் எடையுள்ள பட்டம் என்றால் 500 அடி, அதாவது 150 மீட்டர் சொச்சம், விமான நிலைய எல்லையிலிருந்து 5 மைலுக்குள் கூடாது. மூர் சாதனை செய்ததும் வான்போக்குவரத்து அதிகாரிகளிடம் அனுமதி வாங்கித்தான். உங்கள் இடத்து விமானப் போக்குவரத்து விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் நூல் வாங்குங்கள். 60 மீட்டர்தான் அனுமதி என்றால் பாலியஸ்டரே போதும், டைனீமாவுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

கேள்வி: நூல் எந்த நிறத்தில் வாங்குவது? வெள்ளை அழகாக இருக்கிறது.

பதில்: மேகம் இருக்கும் நாளில் வெள்ளை நூல் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் வாங்குங்கள், ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை அழியாத மையால் ஒரு விரற்கடை கறுப்பு அடையாளம் போட்டு வையுங்கள். சிலர் நூலில் வண்ணத் துணிக் கொடிகள் கட்டுகிறார்கள், மேலே சொன்ன பெரிய பட்டங்களுக்கு அமெரிக்க விதியே அப்படிக் கட்டச் சொல்கிறது. விதி கேட்கும் இடத்தில் கட்டித்தான் ஆக வேண்டும். கேட்காத இடத்தில் மை போதும், ஒவ்வொரு கொடியும் காற்றைப் பிடிக்கும்.